தெருப் பெயர் இல்லாத பட்டியல்

அவர் தோற்ற மறுநாள் காலையில் நான் ஒன்றுக்கு இரண்டாக டீ குடித்தேன். அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாம் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். எங்கள் தொகுதியின் பழைய உறுப்பினர் போய்விட்டார், புதியவர் யாரை எங்கே தூக்கியடிப்பாரோ என்று ஆளுக்கு ஆள் குசுகுசுப்பு. எனக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று வருடமாக எனக்குள் எரிந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் சற்றுத் தணிந்திருந்தது. டீயோடு பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டேன்.

எங்களுடையது புள்ளிவிவர அலுவலகம். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, ஜன்னலை ஒட்டிய மேசை என்னுடையது. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று ஒரு பத்தியில் எழுதுவேன். பக்கத்துப் பத்தியில் அந்தச் சாவடிக்கு உட்பட்ட வீடுகளில் எத்தனை வீடு வறுமைப் பட்டியலில் இருக்கிறது, அடுத்ததில் எத்தனை பேர் பத்தாவது தாண்டியவர்கள், கடைசியில் அரசாங்க உதவி என்னென்ன போய்ச் சேர்ந்தது. பதினெட்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

ஆராய்ச்சி செய்கிறோம் என்று கல்லூரிகளிலிருந்து ஆட்கள் வருவார்கள். "ஏழைங்க யாருக்கு ஓட்டுப் போடறாங்க?" என்று கேட்பார்கள், ஏழைகள் எல்லாரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி. படித்தவன் யோசித்துப் போடுவான், படிக்காதவன் வாங்கிக்கொண்டு போடுவான் என்று விடையையும் அவர்களே கொண்டுவந்திருப்பார்கள். என் பட்டியல் அப்படிச் சொல்லாது. உதவி போய்ச் சேர்ந்த தெருவில் முதல் தடவை ஓட்டு ஏறும், அடுத்த தடவை இறங்கும். கிடைத்தவன் அது தன் பாத்தியதை என்று நினைத்துக்கொள்கிறான். அரைகுறையாகக் கிடைத்து மீதிக்குக் காத்திருக்கிற தெருவில்தான் விசுவாசம் கெட்டியாக இருக்கும். இதை நான் என் சொந்த அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கா இருப்பது கிடங்குத் தெருவில். ஊரின் ஒரு கோடி. சரக்குக் கிடங்குகளின் பின்சுவரை ஒட்டி இருநூறு தகரக் கூரைகள், அதில் ஒன்று அவளுடையது. மாமா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். இரண்டும் பெண் குழந்தைகள், பெரியவள், சின்னவள். வாசல் கதவில் உறுப்பினரின் படத்தை ஒட்டி வைத்திருப்பாள், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற படம். நான் அவருக்கு வைத்த பெயர் பல்லழகர்.

"அப்படிச் சொல்லாதடி. நம்ம தெருவுக்கு எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் கொண்டாந்தவர் அவர்தான்" என்பாள் அக்கா.

பொய்யில்லை. முதல் தடவை ஜெயித்தபோது கொண்டுவந்தார். மறுபடியும் ஜெயித்தால் அதைப் பத்தாவது வரைக்கும் உயர்த்தித் தருவதாகச் சொன்னார். பெரியவளுக்கு அப்போது பதிமூன்று வயது. ஐந்தாவதோடு நின்றுபோன அக்கா, மகள் பத்தாவது முடிக்க வேண்டும் என்பதற்காக விடியற்காலையிலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நின்று அவருக்குப் போட்டாள். தெருவும் போட்டது. ஐநூற்று முப்பது ஓட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. தொகுதியிலேயே அதிகம் அதுதான். நானே என் கையால் எழுதினேன்.

ஜெயித்த மறுமாதம் பல்லழகர் அந்தப் பட்டியலைக் கேட்டனுப்பினார். எங்கள் மேலதிகாரி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எட்டுப் பக்கம், சாவடி எண், தெருப் பெயர், எல்லாப் பத்தியும் ஒழுங்காகப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார்.

"இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துடும் போலிருக்கே" என்றார். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். "தெருப் பேரெல்லாம் எதுக்கும்மா? அதுதான் இடத்தை அடைக்குது. நம்பர் போதும். ஒரே பக்கத்துல வரணும்."

"பேரு நம்மகிட்ட தனியா இருக்குங்க ஐயா. நான் சேர்த்துக்கறேன்" என்றான் அவருடைய செயலாளர். எப்போதும் அவருக்கு அரையடி பின்னாலேயே நிற்பதால் அவனுக்கு ஊரில் நிழல் என்று பெயர்.

மேலதிகாரி என்னைப் பார்த்தார். நீக்கு என்றார்கள், நீக்கினேன். ஒரே பக்கத்தில் அழகாக அடங்கியது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் குறி போட்டார்கள் என்பது பிற்பாடு எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். நன்றாக ஓட்டுப் போட்ட எண்ணுக்கு ஒரு 'சரி', போடாத எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு. கோடு விழுந்த இடத்துக்கு ஐந்து வருடம் ஒன்றும் போகாது. பள்ளி உயராது, கூரை மாற்றும் உதவி வராது, வாரம் ஒருநாள் வரும் மருத்துவ வண்டிகூட அந்தப் பக்கம் திரும்பாது. யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கோப்பு நகராது, அவ்வளவுதான்.

கிடங்குத் தெருவின் கோப்பு நகரவில்லை. உயர்நிலைப் பள்ளி, ஊரின் மறு கோடியில் இருக்கிற வாய்க்கால் தெருவுக்குப் போனது. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். பள்ளி விடுவது நாலு மணிக்கு, கிடங்குத் தெருப் பக்கம் வரும் கடைசி பஸ் மூன்றரைக்கு. என்னோடு வைத்துப் படிக்க வைக்கலாம் என்றால் நான் இருப்பதோ பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். பிள்ளைகளுக்கு இடமில்லை என்று காப்பாளர் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

தெருவில் நாலு பேர் மனு எடுத்துக்கொண்டு போனார்கள். நிழல் அதை வாங்கக்கூட இல்லை.

"உங்க தெரு எங்களுக்குப் போடலை. கணக்கு இருக்கு" என்றானாம்.

போட்டோம் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். போட்டவனும் போட்டேன் என்பான், போடாதவனும் போட்டேன் என்பான், யார் நம்புவார்கள்? திரும்பி வந்தவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். யார் வீட்டு ஓட்டுப் போச்சு என்று ஒருத்தரை ஒருத்தர் சந்தேகம். தங்கச்சி அரசாங்க உத்தியோகம், அவளுக்கு என்ன குறை, மாற்றிப் போட்டிருப்பாள் என்று அக்கா காதுபடவே பேசினார்கள். குழாயடியில் இரண்டு வருடம் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு என்று நான் அவளிடம் சொன்னேன்.

"அப்ப ஏன்டி போடலைங்கறாங்க?"

"கட்டின பொண்டாட்டி எங்க போயிடப் போறாங்கற நெனப்புதான். உன்னை மாதிரி போடறவங்களுக்கு எதுக்குச் செய்யணும்? போடாதவனைத்தான் சீராட்டுவாங்க."

அப்படித்தான் நானும் நம்பினேன். தந்திரக்காரன், கணக்குப் போட்டு ஏமாற்றுகிறான் என்று.

எட்டாவது முடித்த பெரியவள் அட்டைப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போனாள். பதினாலு முடிந்தால் எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்த எட்டாவது மாதம், அட்டையின் ஓரத்தை வெட்டும் இயந்திரத்தில் இடது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்குகிற பெண். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "அவருக்குத் தெரிஞ்சிருந்தா இப்படி விட்டிருக்க மாட்டார். கூட இருக்கறவங்க பண்றது."

எனக்கு அக்காவை அறையலாம் போலிருந்தது. அவளை அறைய முடியாது என்பதால் அந்தக் கோபமும் சேர்ந்து பல்லழகர் கணக்கிலேயே ஏறியது. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. மூன்றாம் மாடியில் உட்கார்ந்து கூட்டல் போடுகிறவளைக் கண்டு யார் பயப்படப் போகிறார்கள்? பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். பூமி எனக்கு வேண்டாம், அந்த ஆளின் நாற்காலி போனால் போதும் என்று பொறுத்திருந்தேன்.

போன வருடம் சாவடி எண்களைச் சரிபார்க்கும் வேலை வந்தது. பழைய கோப்புகளைக் கட்டுக் கட்டாக இறக்கினேன். உறுப்பினர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்த உதவிகள் கோப்பு ஒன்றின் நடுவில், துரு ஏறிய ஊசி குத்தி, என்னுடைய அந்த ஒற்றைப் பக்கம் இருந்தது. சிவப்புக் குறிகளோடு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நிழலின் கோழிக் கிறுக்கலில் தெருப் பெயர்.

முப்பத்தொன்று, கிடங்குத் தெரு, ஐம்பத்தேழு ஓட்டு. அதன் குறுக்கே தாளே கிழிகிற மாதிரி ஒரு கோடு.

கிடங்குத் தெரு முப்பத்தொன்று இல்லை. முன்னொரு காலத்தில் இருந்தது. அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்பு, பன்னிரண்டாம் சாவடியில் ஆள் அதிகமாகிவிட்டது என்று அதை இரண்டாகப் பிரித்தார்கள். அதனால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாச் சாவடிக்கும் எண் ஒன்று கூடிப்போனது. முப்பத்தொன்றாக இருந்த கிடங்குத் தெரு முப்பத்திரண்டானது. முப்பதாக இருந்த மேட்டுத் தெரு முப்பத்தொன்றானது. ஓட்டு எண்ணியது புதிய எண்ணில். நிழல் பெயர் எழுதியதோ அதற்கு முந்தைய தேர்தலின் பழைய பட்டியலைப் பார்த்து.

ஐம்பத்தேழு ஓட்டு, ஆரம்பத்திலிருந்தே பல்லழகரைப் பிடிக்காத மேட்டுத் தெருவினுடையது. அந்தப் பாவத்தைக் கிடங்குத் தெரு தலையில் எழுதிவிட்டான். கிடங்குத் தெருவின் நானூற்றுப் பன்னிரண்டு, வாய்க்கால் தெருவின் பெயருக்குப் போய் ஒரு பெரிய 'சரி' வாங்கியிருந்தது. வாய்க்கால் தெரு அவருக்குப் போட்டது உண்மையில் எழுபதோ எண்பதோ. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதற்குத்தான். பன்னிரண்டுக்கு மேற்பட்ட அத்தனை தெருவும் ஐந்து வருடமாக அடுத்தவன் ஓட்டுக்குத் தண்டனையோ வெகுமதியோ வாங்கிக்கொண்டிருந்தது. தெருவைக் கால் வைத்துப் பார்க்காமல் எண்ணாக மட்டும் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தப் பிழை வரும். என் பட்டியலில் தெருப் பெயர் இருந்தவரை வந்திருக்காது.

கோப்பு அறையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திட்டம் போட்டு ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பிள்ளையின் விரல் போனது சோம்பேறித்தனத்தால். பழைய தாளை எடுத்துப் பார்த்துவிட்டான் ஒருத்தன், ஒரே பக்கத்தில் வரணும் என்றான் இன்னொருத்தன், சரி என்று அழித்துக் கொடுத்தேன் நான்.

அன்றைக்கு மதியமே திருத்தக் குறிப்பு ஒன்று தட்டச்சு செய்தேன். பொய் சொல்லவில்லை, முதலில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். அதைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். சின்னவள் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவதில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பெரியவள் ஒரு டப்பாவைத் தொடையில் இடுக்கி, இடது கை மூன்று விரலால் அழுத்திப் பிடித்து, மூடியைத் திறக்கப் பார்த்தாள். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை பல்லால் கடித்துத் திறந்தாள். கொடு என்று நான் கை நீட்டவில்லை. நீட்டினால் அவளுக்குப் பிடிக்காது.

"சின்னவளுக்காவது ஒம்பதாவது இங்கயே வந்துடும்டி" என்றாள் அக்கா, கதவில் இருந்த படத்தைக் காட்டி. "தேர்தல் வருதுல்ல. இந்தத் தடவை செஞ்சுடுவார்."

"செய்வாரும்மா. கூடவே எனக்கு ரெண்டு விரலும் செஞ்சு அனுப்புவார்" என்றாள் பெரியவள்.

படத்தின் அத்தனை பல்லையும் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இந்தக் குறிப்பை நான் கொடுத்தால் என்ன ஆகும்? நாளைக்கே வண்டி வரும். பல்லழகர் இறங்குவார். தவறு நடந்துவிட்டது, யாரோ கீழே உள்ளவர்கள் செய்தது என்பார். பள்ளியை அறிவிப்பார், கூரை கொடுப்பார், பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார். அக்கா அழுதுகொண்டே அவரைக் கும்பிடுவாள். தெரு ஐநூறு ஓட்டையும் அள்ளிக் கொட்டும். அவர் மூன்றாம் முறையும் ஜெயிப்பார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் குறிப்பைக் கிழித்து, துண்டுகளையும் கிழித்து, குப்பைத் தொட்டியில் போட்டேன்.

தேர்தலுக்கு நாலு மாதம் இருக்கையில் நிழல் எங்கள் மாடி ஏறி வந்தான். மூச்சு வாங்கியது.

"போன தடவை மாதிரியே ஒரு பக்கம் வேணும் மேடம். நம்பர் மட்டும். கூரை, அடுப்பெல்லாம் வந்து இறங்கியிருக்கு. நம்பிக்கையான இடமாப் பாத்துக் கொடுக்கணும்கறார் ஐயா."

"எண் எதுவும் மாறியிருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்று கேட்டேன். ஒரே ஒரு வாய்ப்பு அவனுக்குக் கொடுத்தேன் என்று வையுங்கள்.

"இந்தத் தடவை பிரிக்கறது சேக்கறது ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே. அதே லிஸ்ட் போதும்."

அதே பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கினான். இரண்டு நாள் கழித்து ஐயா பார்க்க வேண்டும் என்கிறார் என்று அழைப்பு. போனேன். பல்லழகர் சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நேரில் பல் இன்னும் அழகு.

"வாம்மா. உங்க பட்டியல் இல்லேன்னா எனக்குத் தொகுதியே தெரியாது" என்றார். "இந்த முப்பத்தொண்ணு. கிடங்குத் தெரு. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் கொடுத்தேன், ஒரு நன்றி இல்லை. அம்பத்தேழு ஓட்டு. நன்றி கெட்ட தெரு. இந்தத் தடவையும் ஒண்ணும் கிடையாது." மறுபடியும் ஒரு கோடு இழுத்தார். "உங்களுக்கு அங்க யாராவது தெரியுமா?"

"தெரிஞ்சவங்க இருக்காங்க."

"சொல்லி வைங்க. விதைச்சாத்தானே அறுக்கலாம்."

"சொல்றேங்க" என்றேன். வாசலுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டேன், படியில் இறங்கும்போது முடியவில்லை. காவலாளி என்ன விசேஷம் என்று கேட்டான்.

கூரையும் அடுப்பும் வண்டி வண்டியாக வாய்க்கால் தெருவுக்குப் போயின. அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உனக்கு ஓட்டுப் போடாத எங்களுக்கு ஏன் கொடுக்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? கிடங்குத் தெருவுக்கு ஒரு ஆணிகூட வரவில்லை. மழை வந்தது, அக்கா வீட்டில் நாலு இடத்தில் பாத்திரம் வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஓட்டு நாளன்று எனக்கு வேறொரு சாவடியில் வேலை. பெரியவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, முதல் ஓட்டு. அன்று சாயங்காலம் அவளே கதையாகச் சொன்னாள்.

"மை வைக்கறவர் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டுன்னார் சித்தி. இல்லைன்னேன். சரி, நடுவிரல்னார். அதுவும் இல்லைன்னேன். அப்பத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார். மோதிர விரல்ல வெச்சு விட்டார். பின்னால எங்க தெருப் பொண்ணுங்க, பசங்க எல்லாம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க."

"யாருக்குப் போட்டே?"

"கேக்கறீங்க பாருங்க" என்றாள்.

பல்லழகர் இருநூற்றுத் தொண்ணூறு ஓட்டில் தோற்றார். கிடங்குத் தெருவில் அவருக்கு விழுந்தது தொண்ணூற்றாறு. பழையபடி அந்த நானூற்றுப் பன்னிரண்டு விழுந்திருந்தால் தாராளமாக ஜெயித்திருப்பார். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த இரண்டாவது டீயைக் குடிக்கப் போனேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினார். அறையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கோப்பு, கேடயம், சட்டம் போட்ட படம் எல்லாம் அட்டைப்பெட்டிகளில். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் பெரியவள் வேலை பார்த்த ஆலையின் முத்திரை. அவர் சவரம் செய்திருக்கவில்லை. நிழல் வழக்கம்போல அரையடி பின்னால் நின்றான்.

"எங்க தப்பு நடந்ததுன்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றார். "கிடங்குத் தெரு எனக்கு என்னைக்கும் போட்டதில்லை, விடுங்க. வாய்க்கால் தெருவுக்கு என்ன குறை வெச்சேன்? பள்ளிக்கூடம், கூரை, அடுப்பு. நூறு ஓட்டுகூட வரலை. மனுஷங்களா அவங்க?"

பையிலிருந்து எட்டுப் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் திருப்பிக் கொடுத்த அதே பட்டியல், தெருப் பெயரோடு. முப்பத்திரண்டாம் வரியில் விரலை வைத்தேன்.

"படிங்க."

"முப்பத்திரெண்டு. கிடங்குத் தெரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நானூத்திப் பன்னெண்டா?"

"தொகுதியிலேயே அதிகம். உங்க மேல உயிரையே வெச்சிருந்த தெரு. நீங்க கோடு போட்ட அம்பத்தேழு மேட்டுத் தெருவோடது. பன்னெண்டாம் சாவடியைப் பிரிச்சதுல எண் ஒண்ணு தள்ளிப்போச்சு. இவர் பழைய லிஸ்ட்டைப் பாத்துப் பேர் எழுதிட்டார். தெருப் பேர் வேண்டாம்னு சொன்னது நீங்க."

அவர் நிழலைப் பார்த்தார். நிழல் பெட்டிகளைப் பார்த்தான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், சிவப்புக் கோடு போட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் உண்மையான தெருவைத் தேடித் தேடி. அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் ஒரு வருடம் காத்திருந்தேன். நன்றாகப் பார்த்துக்கொண்டேன், அவசரப்படவில்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" மரியாதை இறங்கிவிட்டது.

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா." நாற்காலியில் சாய்ந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாத்தையும் கொடுத்திருப்பேனேம்மா."

"கொடுத்திருப்பீங்க. அதனாலதான் சொல்லலை."

அப்புறம் பெரியவளைப் பற்றிச் சொன்னேன். பள்ளி, பஸ், ஆலை, இயந்திரம், எல்லாம். அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பல் தெரிந்தது, சிரிப்பு இல்லை.

"ஒரு பொண்ணோட விரலுக்காகவா என்னை இப்படிப் பண்ணினே?"

"ரெண்டு விரல்" என்று சொல்லிவிட்டு, என் எட்டுப் பக்கத்தையும் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். போகிற வழியில் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கினேன், என்னமோ பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போவது போல. கதவில் படம் இல்லை, பெரியவள் கிழித்திருந்தாள், நாலு மூலையில் பசை மட்டும் ஒட்டியிருந்தது. வாசற்படியில் சின்னவள் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து, பன்னிரண்டாம் சாவடியைப் பிரித்ததிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். பல்லழகர் கண்ணாடி மாட்டிய விதத்தை நடித்துக்கூடக் காட்டினேன். பெரியவள் சுவரில் சாய்ந்து கேட்டாள். 'ரெண்டு விரல்' என்று நான் சொன்ன இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்த மூன்று விரலால்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"நம்ம தெரு போட்டதுன்னு இப்ப அவருக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெரிஞ்சுடுச்சு. சாகற வரைக்கும் மறக்க மாட்டான்."

"குழாயடியிலயும் இனிமே சொல்லலாம்."

"சொல்லு. தாளையே தர்றேன்."

அவள் தலையாட்டினாள். அடுத்த துணியை எடுத்தாள். அது புதிதாக இருந்தது, நீல நிறத்தில் ஒரு மேலங்கி, நெஞ்சில் அட்டைப்பெட்டி ஆலையின் முத்திரை. பெரியவள் ஆலைக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. எனக்கு முதலில் புரியவில்லை.

"சின்னவளுக்கு" என்றாள் அக்கா. "எட்டாவது முடிஞ்சுதே. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க." மேலங்கியின் கைகளை உள்ளே மடித்தாள். "ஒரு வருஷமாவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா கொடுத்திருப்பாரேடி."

பெரியவள் என் கையை விட்டுவிட்டுத் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன வேலைன்னு இன்னும் தெரியலை சித்தி" என்று வாசலிலிருந்து சொன்னாள் சின்னவள். "நகம் நீளமா இருந்தா இயந்திரத்துல மாட்டிக்குமாம். ஒட்ட வெட்டிட்டு வரச் சொன்னாங்க." இடது கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள், ஐந்து விரலும் ஒழுங்காக வெட்டியிருந்தது. பிறகு வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.